பயிர்களில் உவர், ஊட்டக்குறை, வெப்பப் பாதிப்புகளை இனங்காணல் (பாலாற்றுப் படுகை)

பயிர்களில் உவர், ஊட்டக்குறை, வெப்பப் பாதிப்புகளை இனங்காணல் என்பது, இலையிலும் தண்டிலும் வயலிலும் தோன்றும் அறிகுறிகளைக் கொண்டு, ஒரு பயிர் வாடுவதற்கு மண்ணில் சேர்ந்த உப்பு காரணமா, ஊட்டப்பொருள் பற்றாக்குறை காரணமா, கடும் வெயில் காரணமா எனப் பிரித்தறியும் முறையாகும். இம்மூன்றும் இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகுவதில் வந்து முடிவதால், பார்த்த மாத்திரத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. காரணத்தைத் தவறாகக் கணித்து மருந்திட்டால் பாதிப்பு குறையாமல் கூடும்.

தமிழ்நாட்டில் இச்சிக்கலை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் பாலாற்றுப் படுகையில் உள்ள தோல் தொழிற்பகுதியாகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை, வாலாசாப்பேட்டை ஆகிய ஊர்கள் இதில் அடங்கும். இவை அனைத்தும் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. நெல், கரும்பு, நிலக்கடலை, தென்னை, கத்தரி முதலியன இப்பகுதியின் பயிர்கள். இங்குக் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். எனவே உப்பு, ஊட்டக்குறை, வெயில் ஆகிய மூன்றும் ஒரே வயலில் ஒரே மாதத்தில் சேர்ந்து நிற்பது இங்கு அரிதன்று.

உப்பு வரும் வழி

தோல் தொழிலின் கழிவு என்றவுடன் பலருக்கும் குரோமியமே நினைவிற்கு வரும். ஆயினும் பயிரைப் பொறுத்தவரை முதல் எதிரி சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். உரித்த தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் சுமார் 30 முதல் 40 சதவீதம் வரை கறியுப்பு தூவப்படுகிறது. தொழிற்சாலைக்கு வந்ததும் தோலை நீரில் ஊறவைக்கும் முதற்கட்டத்திலேயே இவ்வுப்பின் பெரும்பகுதி கரைந்து வெளியேறுகிறது. அடுத்து மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கப்படுகின்றன. பின்னர் அமிலத்தில் ஊறவைக்கும் கட்டத்தில் மீண்டும் உப்பு சேர்க்கப்படுகிறது.

முற்காலத்தில் இப்பகுதியில் ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 1970களில் முழுமையாகப் பதனிடப்படாத தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடுகள் விதித்த பின், முழுமையாகப் பதனிட்ட தோலும் தோற்பொருட்களும் செய்யும் போக்கு வளர்ந்தது. அதனுடன் குரோமியப் பதனிடலும் பரவியது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. கழிவை நீர்த்துக் கொண்டுசெல்ல ஓடும் நீர் இல்லாததால், ஆற்றிலும் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட்ட கழிவு மணல் வழியே இறங்கி நிலத்தடி நீரை அடைந்தது. அந்நீரே கிணற்றின் வழியாக மீண்டும் வயலுக்கு வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990களில் இயங்கத் தொடங்கிய பின் கரிமக் கழிவும் குரோமியமும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் கரைந்த உப்பை அந்நிலையங்களின் உயிரியல் முறைகளால் நீக்க இயலவில்லை. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் ஆகியவற்றைக் கொண்டு கழிவுநீரே வெளிவராத முறை அதன் பின்னரே கட்டாயமாக்கப்பட்டது. அதற்குள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்துவிட்ட உப்பு வேறு கணக்கு.

எந்த இலை முதலில்?

இலையைப் பார்த்துக் காரணம் அறிவதில் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. பாதிப்பு தோன்றியது முதிர்ந்த இலையிலா, தளிரிலா என்பதே முதல் கேள்வி. நைட்ரஜன் (தழைச்சத்து), பாசுபரசு (மணிச்சத்து), பொட்டாசியம் (சாம்பல் சத்து), மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. இவை போதாதபோது செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துத் தளிருக்கு அனுப்புகிறது. அதனால் அடியிலைகள் முதலில் வெளிறும். இரும்பு, கால்சியம், போரான் ஆகியவை ஓரிடத்தில் அமர்ந்தபின் எளிதில் நகர்வதில்லை. ஆகவே அவற்றின் குறை தளிரில் தெரியும். கந்தகமும் பெரும்பாலும் இவ்வகையே. பயிர் முழுவதும் வெளிறி நிற்கையில் அடியிலை கூடுதலாக மஞ்சளாக இருந்தால் தழைச்சத்துக் குறை எனவும், மேலிலை கூடுதலாக மஞ்சளாக இருந்தால் கந்தகக் குறை எனவும் கொள்வது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி, ஓர் இலைக்குள் பாதிப்பு எங்கே தொடங்குகிறது என்பது. தழைச்சத்துக் குறையில் இலை முழுதும் ஒரே சீராக வெளிறும். மக்காச்சோளத்தில் இது நுனியில் தொடங்கி நடுநரம்பை ஒட்டி ஆப்பு வடிவில் உள்ளே செல்லும். மக்னீசியக் குறையில் முதிர்ந்த இலையின் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இதே கோலம் தளிரில் தோன்றினால் அது இரும்புக் குறை. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலைச் செடியின் மேலிலைகள் வெண்மஞ்சளாக மாறுவது இவ்வகையைச் சார்ந்தது. அம்மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை கூடிய மண்ணில் அது கரையாமல் கிடப்பதால் வேருக்குக் கிட்டுவதில்லை.

நெல்லில் துத்தநாகக் குறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. நடவுக்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாகும். இதனை நோய்க்கிருமியின் வேலை என்றே நெடுநாள் எண்ணினர். இது துத்தநாகக் குறையே என்பது 1960களில், அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த பந்த்நகரில் நிறுவப்பட்டது. கைரா நோய் என்னும் பெயர் மட்டும் இன்றும் நிலைத்துள்ளது.

தென்னையில் சாம்பல் சத்துக் குறை முதிர்ந்த மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தொடங்கி, கீற்றுகளின் நுனி காய்வதில் முடியும். போரான் குறை அதற்கு எதிர்முனையில், குருத்தில் தெரியும். கீற்றுகள் விரியாமல் ஒட்டிக்கொண்டும் சுருங்கியும் நிற்கும்.

உப்பா, சாம்பல் சத்துக் குறையா?

தோல் தொழிற்பகுதியில் அதிகம் தவறாகக் கணிக்கப்படக்கூடியது இந்த இணையே. இரண்டிலும் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும்.

குளோரைடு மிகும்போது கருகல் பொதுவாக இலையின் நுனியிலேயே தொடங்கி ஓரங்களின் வழியே பின்னோக்கி வரும். சோடியம் மிகும்போது ஓரங்களில் தொடங்கி நரம்புகளுக்கு இடையே உள்நோக்கி நகரும். சாம்பல் சத்துக் குறையில் கருகலுக்கு முன்பாக ஓரத்தில் மஞ்சள் பட்டையோ புள்ளிகளோ தோன்றும். தண்டு வலுவிழந்து பயிர் எளிதில் சாயவும் கூடும். ஏட்டில் இவை தெளிவாக இருந்தாலும், வயலில் சோடியமும் குளோரைடும் சேர்ந்தே வருவதால் இலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இலையைவிட வயல் நன்றாகப் பேசும். உவர் பாதித்த வயலில் பயிர் திட்டுத் திட்டாக நிற்கும். ஓரிடத்தில் முளைப்பே இராது, பத்தடி தள்ளிப் பயிர் செழித்திருக்கும். சொட்டை விழுந்த இடங்களில் காய்ந்த பின் வெண்மையான பூப்புப் படியும். மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் தண்ணீர் இல்லாததைப் போல வாடும். மண்நீரில் உப்பு கூடக்கூட வேர் நீரை உறிஞ்சுவது கடினமாவதே இதற்குக் காரணம். வாடாத செடிகளும் குட்டையாக, கருநீலம் கலந்த அடர்பச்சையில் தடித்த இலைகளுடன் இருக்கும். இந்த அடர்பச்சையைக் கண்டு தழைச்சத்து போதும் என முடிவு செய்வோர் உண்டு. சாம்பல் சத்துக் குறையோ பெரும்பாலும் வயல் முழுதும் பரவலாக, ஏறத்தாழ ஒரே சீராகத் தோன்றும்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது சிக்கலை மேலும் கூட்டுகிறது. சோடியமும் பொட்டாசியமும் வேதியியலில் உறவுக்காரர்கள். மண்நீரில் சோடியம் மிகுந்தால் வேர் பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வது தடைப்படுகிறது. ஆகவே போதிய சாம்பல் சத்து உள்ள மண்ணிலும் பயிர் உண்மையாகவே அதன் குறையால் வாடலாம். இலையைப் பார்த்தவர் சாம்பல் சத்துக் குறை எனக் கூறினால் அது பொய்யன்று, பாதி உண்மை.

பாதி உண்மைக்குக் கொடுக்கும் விலை பெரிது. சந்தையில் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கும் சாம்பல் சத்து உரம் மூரியேட் ஆப் பொட்டாசு, அதாவது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. உரங்கள் மண்நீரின் உப்புத்தன்மையை எவ்வளவு உயர்த்தும் என்பதைக் காட்டும் உப்புக் குறியீட்டில் சோடியம் நைட்ரேட்டிற்கு 100 என வைத்தால், மூரியேட் ஆப் பொட்டாசிற்கு 116. பொட்டாசியம் சல்பேட்டிற்கு அது ஏறக்குறைய 46 மட்டுமே. குளோரைடால் கருகும் பயிருக்கு மூரியேட்டை அள்ளி இடுவது, உப்புக் கரித்த குழம்பில் மேலும் உப்பிடுவதைப் போன்றது. முதலில் உப்பைக் கழுவி வெளியேற்றுவதும், அதன் பின்னும் தேவை இருந்தால் சல்பேட் வடிவில் சிறு தவணைகளாக இடுவதுமே பொருத்தமானவை.

இவை இரண்டுமன்றி மூன்றாவதாக ஒரு குற்றவாளியும் உண்டு. கத்தரியிலும் பருத்தியிலும் தத்துப்பூச்சி சாறுண்பதால் இலையோரம் மஞ்சளாகிச் சுருண்டு பின்னர் கருகும். இலவம்பாடிப் பகுதியில் விளையும் வேலூர் முள் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய கத்தரி வயலில் உரத்தைப் பற்றி ஆராயும் முன் ஓர் இலையைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பார்ப்பது நல்லது. வெளிர்பச்சை நிறச் சிறு பூச்சிகள் குறுக்கே நகர்ந்தால் அங்கே உப்புக்கு வேலையில்லை.

அளவும் விளைச்சலும்

மண்ணின் உப்புத்தன்மை, நீர் நிறைவித்த மண்சாற்றின் மின் கடத்துதிறனைக் கொண்டு டெசிசீமன்சு/மீட்டர் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. 1954இல் ஐக்கிய அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கையேட்டின்படி இம்மதிப்பு 4ஐ மீறினால் அது உவர் மண். ஆனால் பயிர்கள் இக்கோட்டை மதிப்பதில்லை. மாசு, ஆப்மேன் ஆகியோர் 1977இல் தொகுத்த பட்டியலின்படி நிலக்கடலை 3.2 வரை தாங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகிற்கும் விளைச்சல் 29 சதவீதம் குறையும். நெல்லுக்கு இம்மதிப்புகள் 3.0, 12 சதவீதம். கரும்பு 1.7இலேயே இழக்கத் தொடங்கினாலும் இழப்பு அலகிற்கு 5.9 சதவீதம் மட்டுமே. பருத்தி 7.7 வரை அசையாது.

இந்த எண்களைக் கழிவுநீர் விதியுடன் ஒப்பிடுவது பயனுள்ளது. இந்தியாவில் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த திண்மங்களுக்கு நெடுங்காலம் வைக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். தோராயமாக 640 மில்லிகிராம் ஓர் அலகு எனக் கொண்டால் இது 3.3 டெசிசீமன்சு/மீட்டர் ஆகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு கையாளும் கணக்கின்படி, வழக்கமான வடிகால் உள்ள நிலத்தில் பாசன நீரைப்போல் ஒன்றரை மடங்கு உப்பு மண்சாற்றில் சேரும். அதாவது சுமார் 4.9. வேறு நீர் கலக்காமல் இதைக் கொண்டே பாசனம் செய்தால், மேற்கண்ட பட்டியலின்படி நிலக்கடலையில் சரிபாதியும் நெல்லில் ஏறக்குறைய 23 சதவீதமும் கரும்பில் 19 சதவீதமும் இழப்பு ஏற்படும். விதிக்கு உட்பட்ட நீரும் எல்லாப் பயிருக்கும் உகந்த நீராகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

தென்னை இதில் ஒரு விந்தை. குளோரின் பெரும்பாலான பயிர்களுக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் நுண்ணூட்டம். தென்னையோ அதைப் பேரளவில் வேண்டும் மரம். பிலிப்பைன்சில் தென்னைக்குக் கறியுப்பை உரமாகவே இடுகின்றனர். தமிழ்நாட்டிலும் தென்னங்குழியில் உப்பிடும் பழைய வழக்கம் உண்டு. எனவே கத்தரியும் நிலக்கடலையும் பட்டுப்போன வயலின் வரப்பில் தென்னை மட்டும் பச்சையாக நிற்பதைக் கொண்டு அங்கு உப்பு இல்லை எனக் கூற முடியாது. தென்னையே வாடியிருந்தால் உப்போடு வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

உவரும் களரும்

பேச்சுவழக்கில் உவர், களர் ஆகிய இரு சொற்களும் மாற்றி மாற்றி வழங்கினாலும், மண்ணியலில் இவை வேறு வேறு. உவர் மண்ணில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். மண்ணின் அமைப்பு கெட்டிருக்காது. மேலே வெண்பூப்பு தெரியும். களர் மண்ணில் களித்துகள்களின் மேல் சோடியம் ஒட்டியிருக்கும். பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்தை மீறி, கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைப்பதால் நீர் உள்ளே இறங்காது. மழை பெய்தால் சேறும், காய்ந்தால் கல்லும் ஆகும். கரிமப்பொருள் கரைந்து மேலே வருவதால் மேற்பரப்பு கருநிறமாகத் தோன்றுவதும் உண்டு.

தோல் கழிவு பாய்ந்த நிலம் பெரும்பாலும் முதலில் உவராகிப் பின்னர் களராகும் வழியில் செல்கிறது. இதில் ஒரு பொறி உள்ளது. சோடியம் ஒட்டிய மண்ணில் உப்பு மிகுந்திருக்கும் வரை மண்துகள்கள் சேர்ந்தே இருக்கும். நல்ல மழையோ நல்ல நீரோ உப்பை மட்டும் கழுவிச் சென்றால், ஒட்டிய சோடியம் தங்கி மண் இறுகிவிடும். ஆகவே இத்தகைய நிலத்தில் கழுவும் முன் சிப்சம் (கால்சியம் சல்பேட்) இட வேண்டும். சிப்சத்தின் கால்சியம் களித்துகளிலிருந்து சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய சோடியம் நீரோடு வடிகால் வழியே போக வேண்டும். வடிகால் இல்லாத வயலில் சிப்சம் இடுவது வீண் செலவு.

இப்பகுதி உழவர்களுக்குச் சிப்சம் புதிதன்று. நிலக்கடலையில் காய் திரட்சிக்காக விதைத்த 40 முதல் 45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ இடுவது வேளாண் பரிந்துரையே. ஆயினும் அது கால்சிய, கந்தக ஊட்டத்திற்கான அளவு. களர் திருத்தத்திற்கு வேண்டியது மண் ஆய்வில் கண்ட சோடியத்தைப் பொறுத்து இதைவிடப் பன்மடங்கு கூடலாம். கடலைக்கு இட்ட சிப்சத்தால் களர் தீரவில்லை என்பதைக் கொண்டு சிப்சம் பயனற்றது எனக் கூறுவது சரியாகாது. தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுவதும், திருச்சி-1, கோ-43 போன்ற தாங்குதிறன் கொண்ட நெல் வகைகளைப் பயிரிடுவதும் திருத்தத்திற்குத் துணை செய்யும்.

குரோமியம்

பதனிடலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். நடுநிலையான அல்லது காரத்தன்மையுள்ள மண்ணில் இது கரையாத சேர்மமாக மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வேர் எடுத்துக்கொள்ளும் சிறிதளவும் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். பாதிப்பு ஏற்படும்போது இரும்புக் குறையை ஒத்த வெளிறலும் வேர் குறுகலும் காணப்படும். இதற்கெனத் தனித்த இலை அறிகுறி எதுவும் இல்லாததால் ஆய்வுக்கூடமே வழி.

அறுவிணைதிறன் குரோமியம் வேறு வகையைச் சார்ந்தது. அது நீரில் கரைந்து நகரும், நச்சுத்தன்மை மிக்கது. இராணிப்பேட்டையில் 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்ட குரோமேட்டு வேதிப்பொருள் ஆலையின் வளாகத்தில் குவிந்த ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு இவ்வகைச் சிக்கலைச் சார்ந்தது. அதனைத் தோல் ஆலைகளின் கழிவோடு ஒன்றாகக் கொள்ளலாகாது. அவ்விடத்தை ஒட்டிய கிணறுகளில் பயிரைவிட மனிதரின் குடிநீரே முதற்கவலை.

வெப்பத்தின் அடையாளங்கள்

வெயிலால் ஏற்படும் வாட்டத்திற்கு நேரம் ஒரு நல்ல சாட்சி. நண்பகலில் இலை சுருண்டு தொங்கி, மாலையில் வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் அது பெரும்பாலும் வெப்பமே. காலையிலும் நிமிராவிட்டால் நீர்ப்பற்றாக்குறை, உப்பு, வேர்நோய் ஆகியவற்றை ஐயுற வேண்டும். வெயிற்கருகல் கதிரவனைப் பார்க்கும் பக்கத்து இலைகளிலும் காய்களிலும் வெளிறிய, தாள் போன்ற திட்டாகத் தோன்றும். நிழல்பட்ட இலை தப்பிவிடும். உப்புக் கருகலோ நிழல், வெயில் பார்ப்பதில்லை.

இலையில் ஒன்றும் தெரியாமலேயே வெப்பம் விளைச்சலைப் பறிப்பதும் உண்டு. நெல் பூக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் 35 பாகைக்கு மேல் வெப்பம் நிலவினாலும் மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதர் மிகும். தக்காளியில் இரவு வெப்பம் தணியாவிட்டால் பூ உதிரும். அக்னி நட்சத்திர நாட்களில் பூக்கும்படி விதைத்துவிட்டுப் பின்னர் நுண்ணூட்டக் கலவை தெளிப்பதால் பயனில்லை. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது கால்சியக் குறை என்றாலும், பலமுறை மண்ணில் கால்சியம் இருந்தும் பாசனம் சீராக இல்லாததாலேயே நிகழ்கிறது. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே செல்வதும், கடும் வெயிலில் அந்நீரை இலைகளே இழுத்துக்கொள்வதும் காரணங்கள்.

வெப்பமும் உப்பும் தனித்தனியே நிற்பதில்லை. வெயில் ஏறினால் இலை ஆவியாக்கும் நீரும் கூடும். நீரோடு இலைக்கு வந்து சேரும் உப்பும் கூடும். ஒரே கிணற்று நீரில் மார்கழியில் தப்பிய பயிர் சித்திரையில் கருகுவது இதனால்தான்.

குளிரின் பாதிப்பு சமவெளியில் அரிது. ஏலகிரி, சவ்வாது மலைகளில் குளிர்காலத்தில் மக்காச்சோள நாற்று ஊதா நிறம் கொண்டால், வேர் குளிர்ந்து மணிச்சத்தை எடுக்க இயலாத தற்காலிக நிலையாக இருக்கலாம். வெயில் வந்ததும் தளிர் பச்சையாக வந்தால் உரம் தேவையில்லை.

உறுதி செய்தல்

ஐயத்திற்குரிய ஊட்டத்தைச் சில செடிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது எளிய சோதனை. 0.5 சதவீத இரும்பு சல்பேட்டுக் கரைசலைச் சில இலைகளில் தடவினால், இரும்புக் குறையாயின் சில நாட்களில் தடவிய இடம் பச்சையாகும். நெல்லில் தழைச்சத்தை அறிய இலை வண்ண அட்டை பயன்படுகிறது. பெரும்பாலான வகைகளுக்கு அட்டையில் 4ஆம் நிறத்திற்குக் கீழும், வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறத்திற்குக் கீழும் இறங்கினால் தழைச்சத்து இடப்படும்.

மண் ஆய்விற்கு வழக்கமாக வயலில் 10 முதல் 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டிச் சுரண்டிய மண்ணைக் கலந்து அரைக் கிலோவாகக் குறைப்பர். உவர் வயலில் இம்முறையை அப்படியே பின்பற்றினால் நல்ல இடமும் சொட்டை இடமும் கலந்து, சராசரியில் பாதிப்பு மறைந்துவிடும். எனவே பாதித்த திட்டிலிருந்து ஒன்றும், நன்றாக விளைந்த இடத்திலிருந்து ஒன்றும் எனத் தனித்தனியே எடுக்க வேண்டும். வெண்பூப்பைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு அதனடியில் உள்ள மண்ணை எடுப்பது முறை. கிணற்று நீர் மாதிரியை, மின்னேற்றியைச் சற்று நேரம் ஓடவிட்ட பின் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். கோடையிலும் மழைக்குப் பின்னரும் ஒருமுறை எடுத்தால் உப்பின் ஏற்ற இறக்கம் தெரியும். வேலூர் அருகே விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன.

தொட்டிச் செடிகளிலும் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளிலும் இதே சிக்கல் சிறு அளவில் நிகழும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படிவு, அடியிலைகளின் நுனி பழுப்பாதல் ஆகியவை உரம் மிகுந்ததன் அல்லது உப்புநீரின் அடையாளம். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பான் ஒதுக்கும் நீரில் மூல நீரைவிட உப்பு செறிந்திருக்கும். உப்புக் கிணற்று நீர் வரும் ஊரில் அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினாலும் செடிக்கு நல்லதன்று. கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. தொட்டியின் அடித்துளை வழியே வடியும்படி நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி இரண்டு மூன்று வாரம் உரமிடாமல் விட்டால், புதிய தளிர் சேதமின்றி வருகிறதா எனப் பார்க்கலாம். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது என்பதால் குணமானதைத் தளிரைக் கொண்டே அறிய வேண்டும்.

நீதிமன்றமும் இழப்பீடும்

ஒரு வயல் ஏன் விளையவில்லை என்னும் கேள்வி இப்பகுதியில் வேளாண் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் மதிப்பீட்டை அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என அது அறிவித்தது. அதன்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம் 2001இல், 547 தோல் ஆலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என மதிப்பிட்டது. இத்தொகை 1998 இறுதி வரையான இழப்பிற்கு உரியது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் இழப்பு குறித்த வழக்குகள் தொடர்ந்தன. உச்ச நீதிமன்றம் 2025 சனவரி 30 அன்று அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைத் தமிழ்நாடு அரசு ஆறு வாரங்களுக்குள் வழங்கிப் பின்னர் அதனை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியின் சூழலை மீட்கவும் உத்தரவிட்டது. இத்தகைய கோரிக்கைகளில் கருகிய இலையின் ஒளிப்படத்தைவிட, திட்டு வாரியாக எடுத்த மண் ஆய்வு முடிவும், பருவ வாரியாக எடுத்த கிணற்று நீர் முடிவும், எந்த ஆண்டு எந்தப் பயிர் எவ்வளவு விளைந்தது என்னும் குறிப்பும் வலுவான சான்றுகளாகும்.